கைவேலையும் கணக்கு நோட்டும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். இந்தச் சாலைக்கும் பட்டாளத்துக்கும் உறவு பழையது. வெள்ளையர் காலத்தில் பூந்தமல்லியில் ராணுவ முகாம் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. சிப்பாய்களுக்குச் சீருடை தைக்கும் உடைத் தொழிற்சாலை வந்தது. விமானப்படைத் தளமும் மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாமும் வந்தன. சுற்றியுள்ள ஊர்க் காலனிகளில் மிலிட்டரிக்காரர் வீடு என்று சொன்னால் வழி காட்டுவார்கள். முன்னறைச் சுவரில் அண்ணல் படமும் பக்கத்தில் சீருடை அணிந்த மகனின் படமும் மாட்டியிருக்கும்.

அந்த வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்மோடு வேலை செய்யும் மாணவத் தோழர்கள் சிலர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார்கள். "ராணுவ வீரர்களின் மனைவிமாருக்குக் கைவினைப் பயிற்சி கொடுத்து வருமானம் வரவழைக்கும் திட்டங்களுக்கு நம்மைக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? அல்லது ஊறுகாய், கூடை, பொம்மை என்று பெண்களை மூலையில் உட்கார வைக்கும் இன்னொரு ஏற்பாடா இது?" நியாயமான கேள்வி. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற பதில் எங்களிடம் இல்லை. மாலை நேரங்களில் இந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசியதையும், படித்ததையும் சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் அவர்களுடைய நிலைமை. சிப்பாயின் மனைவிக்கு வேலைக்குப் போவது எளிதில்லை. 'பீஸ் ஸ்டேஷன்' கிடைத்தால் கணவரோடு குவார்ட்டர்ஸுக்குப் போகலாம். ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றல் வந்துவிடும். மொழி தெரியாத ஊர், புதிய பள்ளி, மறுபடியும் மூட்டை கட்டல். பி.ஏ., பி.காம். படித்த பெண்ணும் எந்த வேலையிலும் நிலைக்க முடியாது. 'ஃபீல்டு' போஸ்டிங் என்றால் குடும்பம் கூடப் போக முடியாது. அப்போது காலனி வீட்டில், மாமனார் மாமியாரையும் பிள்ளைகளையும் தனியாளாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். "சம்பளம் அவரு அக்கவுண்ட்டுக்கு வரும். ஏடிஎம் கார்டு மாமியார் கையில. எனக்குன்னு ஒரு நூறு ரூபா வேணும்னா நான் கேட்கணும்" என்றார் ஓர் அக்கா. அவர் சாதாரணமாகச் சொன்னார். எங்களுக்குச் சாதாரணமாகப் படவில்லை.

இன்னொரு அக்காவிடம், "ஏன் ஒயர் கூடை? நீங்கள் நன்றாகச் சமைப்பீர்களே, பலகாரம் போடலாமே" என்று கேட்டோம். சிரித்தார். "முறுக்கு சுட்டா காலனியில மட்டும்தான் விக்கும். தெருவுல எந்த வீடுன்னு கேட்டுட்டு வேணாம்னுடுவாங்க. கூடைக்கு அந்தத் தொல்லை இல்ல. கழுவிட்டு எடுத்துப்பாங்க" என்றார். எல்லையில் நிற்கும் வீரரின் வீட்டு முறுக்கு, ஊருக்குள் ஒரு தெரு தாண்டுவதில்லை. எந்தப் பொருளைச் செய்வது என்பதையே சாதி தீர்மானிக்கிறது என்பதைப் பயிற்சித் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. அவர்கள் இதற்கு 'சந்தைத் தேவை' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

பட்டாளமும் நம் மக்களும் என்று பேசினால் வரலாற்றைத் தொடாமல் முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் பறையர் மக்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் போன மதராஸ் சாப்பர்ஸ் படையிலும் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'போர்க்குடிகள்' என்ற கோட்பாட்டை வெள்ளை அதிகாரிகள் கொண்டுவந்தார்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதன் முக்கிய ஆதரவாளர். தென்னிந்தியர் சண்டைக்கு ஆகமாட்டார்கள் என்று சொல்லி ஆளெடுப்பைக் குறைத்தார்கள். பம்பாய் மாகாணத்தில் 1892இல் மகர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். ராணுவச் சம்பளமும் பென்ஷனும் அதோடு வந்த படிப்பும் ஒரு தலைமுறைக்கு இல்லாமல் போயின.

அண்ணல் அம்பேத்கர் மோவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர். தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். இதெல்லாம் நமக்குத் தெரியும். தாய் பீமாபாயைப் பற்றி நாம் எவ்வளவு பேசுகிறோம்? அவர் பிறந்ததும் பட்டாளக் குடும்பம்தான். திருமணத்துக்குப் பிறகு, கணவர் அனுப்பும் பணம் போதாத காலத்தில், மும்பை சாந்தாகுரூஸில் சாலையோரம் சரளைக்கல் பரப்பும் வேலை செய்து அவர் காலம் தள்ளினார் என்று தனஞ்செய் கீர் தன்னுடைய அம்பேத்கர் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். ராணுவ வீரரின் மனைவிக்குச் சொந்த வருமானம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. வீரரின் சீருடை வீட்டுக்கு மரியாதை கொண்டுவரலாம். அடுப்புக்கு அரிசி கொண்டுவர அந்த வீட்டுப் பெண் கல் சுமந்திருக்கிறார்.

இன்றைக்கு ராணுவக் குடும்பங்களுக்கென்று அமைப்புகள் இல்லாமல் இல்லை. ராணுவ மனைவியர் நலச் சங்கம் 1966இல் தொடங்கியது. 'ஆவா' என்று பெயரைச் சுருக்கிச் சொல்வார்கள். கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனியாகச் சங்கங்கள் உண்டு. தையல், எம்பிராய்டரி, கைவினை, அழகுக்கலை, கணினி என்று பயிற்சிகள் நடக்கின்றன. கணவரை இழந்த பெண்களுக்கு உதவி செய்கிறார்கள். இவற்றால் பயன்பெற்ற பெண்கள் உண்டு, அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அமைப்பின் உருவத்தையும் பார்க்க வேண்டும். நாட்டின் தரைப்படைத் தளபதி யாரோ, அவருடைய மனைவிதான் ஆவாவின் தலைவி. யூனிட் அளவிலும் அதே முறைதான்: கமாண்டிங் அதிகாரியின் மனைவி முன்னால், சிப்பாயின் மனைவி பின்னால். ஒரு பெண்ணின் இடம் அவளுடைய திறமையாலோ ஓட்டாலோ வருவதில்லை, கணவரின் தோளில் இருக்கும் நட்சத்திரத்தால் வருகிறது. பிறப்பால் வரும் படிநிலையை எதிர்க்கிற நாம், திருமணத்தால் வரும் படிநிலையைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாது. தையல் மிஷினைக் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். துணியின் விலையை யார் முடிவு செய்கிறார், லாபம் யார் கணக்கில் சேர்கிறது என்பது அந்தப் படத்தில் தெரியாது.

அடுத்தது 'கைவினை' என்ற சொல். நகரத்தில் இந்தச் சொல்லுக்கு இப்போது நல்ல மதிப்பு. நமக்கு அதன் இன்னொரு பக்கமும் தெரியும். கூடை முடைவதும் தோல் தைப்பதும் துணி வெளுப்பதும் நம் மக்கள் மீது பிறப்பால் சுமத்தப்பட்ட வேலைகள். அதே தோல்பை பெரிய கடையில் தொங்கினால் கலை, தைத்தவர் ஊருக்குள் வந்தால் தீட்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் இயக்கமும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் அப்பன் தொழிலிலும் இருக்க வேண்டும் என்ற அந்தத் திட்டம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பிப்பவரின் குடும்பம் பரம்பரையாக அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கவும், குறைந்தபட்ச வயதை 18லிருந்து 35 ஆக்கவும் தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. தமிழ்நாடு அரசு தனியாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்து, 2025 ஏப்ரல் 19 அன்று குன்றத்தூரில் தொடங்கியது. பாரிவாக்கத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அதில் 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். பரம்பரை நிபந்தனை கிடையாது. வயது 35 ஆகியிருக்க வேண்டும்.

பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரியை விட்டுவிட்டுக் கடன் வாங்கி அப்பன் தொழிலுக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் 35 என்ற வரம்பு. நாங்கள் அதை ஆதரிக்கிறோம். ஆனால் நாங்கள் பேசிய பெண்களில் பலருக்கு இருபத்தைந்து, முப்பது வயதுதான். படிப்பை முடித்தவர்கள். அவர்கள் ஆரி வேலை கற்றது குலத்தொழிலாக அல்ல, தாமே தேர்ந்தெடுத்து. பிறப்பால் தலையில் விழுந்த கைவேலை வேறு, படித்த பெண் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கைவேலை வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டு 'கைவினை என்றாலே பிற்போக்கு' என்று சொல்லிவிட வேண்டாம் என்று மாணவத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அப்படியானால் எதைப் பார்த்து ஒரு திட்டத்தை மதிப்பிடுவது? எங்கள் பதில்: கூலியைப் பார்த்து.

ஆவடி உடைத் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஊசிதான், நூல்தான், துணிதான். ஆனால் அங்கே தைப்பவர் தொழிலாளி. மாதச் சம்பளம், இட ஒதுக்கீடு, சங்கம், வேலை நேரம் எல்லாம் எழுத்தில் உண்டு. 2021 அக்டோபர் 1 அன்று ஒன்றிய அரசு 41 படைத்தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தது. ஆவடி உடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் போனது. தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள், ஏனென்றால் இழக்க அவர்களுக்கு உரிமைகள் இருந்தன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்பி வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்கும் சிப்பாயின் மனைவிக்கு அப்படி எழுதிவைத்த உரிமை என்ன இருக்கிறது? வீட்டிலிருந்து வேலை செய்வோரும் தொழிலாளர்களே என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்றுவரை அதில் சேரவில்லை.

இந்தச் சண்டை புதிதுமல்ல. முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் லண்டனில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்தார்கள். ராணி மேரியின் நிதியோடு பெண்களுக்குத் தையல் கூடங்கள் திறந்தார்கள். அங்கே கூலி மணிக்கு 3 பென்ஸ், வாரத்துக்கு 10 ஷில்லிங். கிழக்கு லண்டனில் ஏழைப் பெண்களோடு வேலை செய்துவந்த சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் இதைச் சுரண்டல் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் போ பகுதியில் ஒரு பொம்மைத் தொழிற்கூடம் திறந்தார். கூலி மணிக்கு 5 பென்ஸ் அல்லது வாரம் ஒரு பவுண்டு, அதாவது ராணியின் கூடத்தைப் போல இரண்டு மடங்கு. 1915இல் அவருடைய இயக்கம் படைவீரர், மாலுமி மனைவியருக்காக ஓர் உரிமைக் கழகத்தையும் தொடங்கியது. அரசு தர வேண்டிய படியைக் கேட்டு வாங்கித் தருவது அதன் வேலை. அந்தக் கழகம் தன் பெயரில் 'நலம்' என்று போடவில்லை, 'உரிமை' என்று போட்டுக்கொண்டது.

நம் காலத்து எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2011இல் இரண்டு ராணுவ வீரர்களின் மனைவியர் ஆர். ரிவெட்டர் என்ற கைப்பை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மாற்றல்தான் அவர்களுடைய பிரச்சினையும். ஆகவே பையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். வெவ்வேறு முகாம்களில் இருக்கும் மனைவியர் ஆளுக்கொரு பாகத்தை வீட்டிலேயே செய்து தபாலில் அனுப்புவார்கள். ஓரிடத்தில் எல்லாம் சேர்ந்து முழுப் பையாகும். ஊர் மாறினாலும் வேலை கூடவே வரும். கூலி துண்டுக் கணக்குதான், அதனால் துண்டின் விலை யார் கையில் என்ற கேள்வி அங்கும் உண்டு. ஆனாலும் மாற்றலை விதி என்று விட்டுவிடாமல் வேலையை அதற்கேற்ப வடிவமைத்ததை நாம் கற்றுக்கொள்ளலாம். பாரிவாக்கத்தில் ஆரி வேலை கற்ற பெண் நாளைக்கு ஜலந்தருக்கோ ஜோத்பூருக்கோ போனாலும், அவளுடைய ஆர்டர் நோட்டு அவளோடு போக வேண்டும்.

நாங்கள் பெண்களோடு உட்காரும்போது பின்னல் சொல்லித் தருவதில்லை. அது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கணக்கு எழுதப் பழகுகிறோம். ஒரு மாதிரிக் கணக்கை இங்கே போடுகிறோம், எண்களை அவரவர் மாற்றிக்கொள்ளலாம். ஒரு கூடைக்கு ஒயர் செலவு 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பது 450 ரூபாய்க்கு. மிச்சம் 270. பலரும் இதோடு நோட்டை மூடிவிடுவார்கள். "எவ்வளவு நேரம் ஆச்சு அக்கா?" என்று கேட்க வேண்டும். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே விட்டு விட்டுப் பின்னியதைக் கூட்டினால் 12 மணி நேரம் என்று வைப்போம். மணிக்கு 22 ரூபாய் 50 காசு. கண்காட்சி வைத்தவர் விலையில் 20 விழுக்காடு எடுத்துக்கொண்டால் 90 ரூபாய் போய்விடும். மணிக்கு 15 ரூபாய்தான் நிற்கும், எட்டு மணி நேரத்துக்கு 120. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். இப்படி ஒரு கணக்கைப் போட்டு முடித்தபோது ஓர் அக்கா நோட்டைத் திருப்பி வைத்துவிட்டு, "அப்போ இத்தனை நாளா நான்தான் அவங்களுக்குக் காசு குடுத்துனு இருந்தேனா?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தக் குழுவில் கூடையின் விலை ஏறியது. சில வாடிக்கையாளர்கள் போனார்கள், பலர் இருந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு கண்காட்சியில் எங்கள் பெண்கள் செய்த பொருள்களின் மேல் 'வீரரின் மனைவி கைவண்ணம்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். செய்தவர் பெயர் இல்லை. வாங்குபவருக்கு நெகிழ்ச்சியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அடுத்த ஆர்டர் வாங்க அந்தச் சீட்டு உதவாது. இப்போது பெண்கள் தங்கள் பெயரையே போடுகிறார்கள். கணவரின் யூனிட்டையோ முகாமையோ விளம்பரத்தில் போடுவதில்லை. பாதுகாப்புக்கும் அதுவே நல்லது, தன்மானத்துக்கும் நல்லது.

ஆகவே ஒரு கைவினைத் திட்டத்துக்கு யாராவது கூப்பிட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள். மணிக்கு என்ன கூலி விழுகிறது? பணம் யாருடைய வங்கிக் கணக்கில் சேர்கிறது? விலையை முடிவு செய்யும் கூட்டத்தில் சிப்பாயின் மனைவிக்கு வாக்கு உண்டா? கணவருக்கு மாற்றல் வந்தால், அல்லது கணவர் இல்லாமல் போனால், அந்த வேலை அவளிடம் இருக்குமா? நான்குக்கும் நல்ல பதில் வந்தால் போங்கள், தோள் கொடுங்கள். மேடையும் சால்வையும் மட்டும் பதிலாக வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அரசுத் திட்டங்களையும் நாம் தேடிப் படிக்க வேண்டும், ஏனென்றால் அவை தானாக வீடு தேடி வருவதில்லை. 35 வயது ஆகாத நம் பெண்களுக்கு தாட்கோ மூலம் முதலமைச்சரின் தொழில்முனைவுத் திட்டம் இருக்கிறது. 18 முதல் 55 வயது வரை விண்ணப்பிக்கலாம். திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், மானியம். முன்னாள் படைவீரர்களுக்கு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்ற திட்டம் 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி ரூபாய் வரை கடன், 30 விழுக்காடு மூலதன மானியம். இவை தவிர தையல் தொழிலாளர் நலவாரியம், மகளிர் சுய உதவிக் குழுக்கள். வீட்டில் தைக்கும் பெண் நலவாரியத்தில் பதிவு செய்தால், 'சும்மா பொழுதுபோக்குக்கு' என்று சொல்லப்பட்ட வேலைக்கு 'தொழிலாளி' என்ற பெயர் அரசுத் தாளில் வருகிறது. அந்தப் பெயர் சிறிய விஷயமல்ல.

இதில் அவசரமும் இருக்கிறது. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர் நான்கு ஆண்டுகள் பணிபுரிவார். அதிகபட்சம் 25 விழுக்காட்டினரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள். பென்ஷன் இல்லை. இதுவரை சிப்பாய் வீட்டுப் பெண்ணுக்குக் கடைசித் தூணாக இருந்தது குடும்ப ஓய்வூதியம். அந்தத் தூண் இல்லாத வீடுகள் நம் காலனிகளில் இனி வரும். அந்த வீடுகளில் பெண்ணின் வருமானம் கைச்செலவுப் பணமாக இருக்காது, குடும்பத்தைத் தாங்கும் பணமாக இருக்கும். அப்போதும் மணிக்கு 15 ரூபாய்தானா?

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியது நிறைய. வணிகவியல் படிப்பவர் கணக்கு எழுதப் பழக்கலாம். சட்டம் படிப்பவர் நலவாரியப் படிவத்தை நிரப்பித் தரலாம். போனில் நன்றாகப் படம் எடுப்பவர், செய்தவர் பெயரோடு பொருள்களைப் படமெடுத்துத் தரலாம். ஆங்கிலமும் இந்தியும் தெரிந்தவர், மாற்றலாகிப் போகும் அக்காவுக்கு அந்த ஊர்ச் சந்தையை விசாரித்துச் சொல்லலாம். இதற்கெல்லாம் பெரிய நிதி தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரமும், கோடு போட்ட ஒரு நோட்டும் போதும். எந்த ஊர்க் காலனியிலும் ஒரு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்தில் அந்த அக்காவின் பெயரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.